மூன்று மணித் தண்ணீர்

ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணி.
இதை ஐந்து பாஷையில் சொல்லுவேன்,
மிச்சத்தைக் கையால்.

ஆனால் வேலூரில், கத்திரி வெயிலில்,
பச்சைத்தண்ணிக்கு எங்கே போவது?
மொட்டைமாடிக் கறுப்பு டேங்க்
பகல் முழுக்க உலை.
பொழுது சாய்ந்தும் இந்த மலைகள்
வாங்கின சூட்டை இறக்கிவைக்காது.
குழாயிலிருந்து விழுவது
மூன்று மணிக்குத்தான் தண்ணீர் ஆகும்.

அதனால் எங்கள் லாட்ஜில்
கறை உள்ளவர்கள் மூன்று மணிக்கு மாடியேறுவார்கள்.
பதினாலாம் நம்பர் சித்தூர் அம்மா, தலையணை உறையோடு.
அசாம் பையன், அப்பாவின் லுங்கி.
சுவர்ப் பக்கம் திரும்பி ஒருத்தி
தன் உள்பாவாடையைத் தானே அலசுவாள்,
அங்கே நான் பார்ப்பதில்லை.

தேய்க்காதே, ஒற்று.
பின்பக்கமிருந்து தண்ணீர் விடு,
வந்த வழியே போகட்டும்.
கல்லுப்பு ஒரு பிடி.
எனக்கு இருபது ரூபாய்.
ஓனர் கண்ணில் பட்டால் முன்னூறு.

இருபத்திரண்டாம் நம்பர் அனிசுர், மால்டாக்காரன்,
மத்தியானமே துவைத்துவிட்டான்.
நல்ல மனசு, நல்ல கொதி.
முட்டை வேகிற மாதிரி வெந்துபோயிருந்தது
அவன் பெண்டாட்டி மொஸ்லிமாவின் ரத்தம்,
உள்ளங்கை அகலம், காப்பித்தூள் நிறம்.

காந்தா என்றான், மூக்கால்.
எனக்குக் கந்தை என்று கேட்டது.
பார்த்தால் அதுவும் சரிதான்:
பழம்புடவை நாலு அடுக்கு வைத்து
ஊசி ஓடின ஓட்டத்தில் மீன்கள், ஒரு ரயில்.
கந்தையானாலும் கசக்கிக் கட்டு.
கசக்கச் சொன்னவர்கள்
எந்தத் தண்ணீரில் என்று
சொல்லாமல் போய்விட்டார்கள்.

அறிவு கீதா உனக்கு, என்றேன்.
தலையாட்டினான்.
மூன்று ராத்திரி பார்த்தேன்.
உப்பு. எலுமிச்சை.
மெடிக்கலில் வாங்கின பெராக்சைடு
நுரைத்தது, அவ்வளவுதான்.
இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்,
வாங்கவில்லை.
ஊசி கேட்டான்.

ஊரில் கொத்தனார்.
கறையின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பு நூலில்
செங்கல் செங்கலாய்த் தைத்துக்கொண்டு போனான்.
ஏதாவது உருவமா இது, என்று கேட்டேன்.
ஆம், என்றான்.
ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது,
அவன் பாஷையில் அது மாம்பழம்.

அப்போது குத்திக்கொண்டான்.
ஒரு சொட்டு, புதுசு.
பதறிக் குழாய்க்கு எழுந்தான்,
பன்னிரண்டு மணிக் குழாய்க்கு!
கையைப் பிடித்து நிறுத்தினேன்.
துப்பு. இப்படி.
அவரவர் ரத்தத்துக்கு அவரவர் எச்சில்.
அடுத்தவர் எச்சில் கேட்காது என்பார்கள்,
நான் சோதித்ததில்லை.

நாக்கில் தொட்டு ஒற்றினான்.
போயிற்று.
அப்புறம் அந்தப் பழைய கறையை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
அன்றைக்கு அவள் கட்டிலில்
அட்டை மாட்டியிருந்தார்கள்,
வாயில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாதென்று.

பதினேழாம் நாள் மொஸ்லிமா
படிக்குப் படி நின்று மேலே வந்தாள்.
காந்தாவை மடியில் விரித்தாள்.
கறையைப் பார்த்தாளா தெரியாது.
தையலைப் பார்த்தாள்.
கத்தரி இருக்கா, என்று விரலால் கேட்டாள்.

கொத்தனார் கட்டினதையெல்லாம் பிரித்தாள்.
காம்பு எந்தப் பக்கம் வரும் என்று
நகத்தால் கீறிக் காட்டினாள்.
அவன் தலையைச் சொறிந்தான்.
பிரித்த நூலைத் தூக்கி எறியவில்லை.
நுனியைப் பல்லால் கடித்து,
எச்சில் தொட்டு முறுக்கி,
அதையே கோத்தாள்.