ஒருபக்கக் கூர்

"எந்தக் கை?" என்றாள்.
கத்திக் கடையில் முதல் கேள்வி
எவ்வளவுக்குள் என்றுதான் வரும் என்று
பணப்பையைப் பிடித்திருந்தேன்.
பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.
"ஓ. இடது."

ஒற்றைப் பெட்டி டிராம் ஏறி
சக்காய் வரை வந்தது ஒரு கத்திக்கு என்றால்
தெட்சுரோ சிரிப்பார்.
பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லியிருந்தேன்.

ஒகுமுரா என்று சட்டையில் பெயர்.
முப்பது வயது இருந்தால் அதிகம்.
கட்டைவிரலில் நீலப் பிளாஸ்திரி.
கத்தி விற்பவள் விரலில் பிளாஸ்திரி
நம்பலாம் என்பதற்கா, கூடாது என்பதற்கா,
எனக்குப் புரியவில்லை.

வீட்டில் இப்போது என்ன கத்தி?

மாமியாரின் சாப்பாட்டுக் கடையை மூடியபோது
மைத்துனருக்கு ஃப்ரிட்ஜ்,
எங்களுக்குக் காய்கறிக் கத்தி.
நீளச் சதுர அலகு.
வலப்பக்கம் மட்டும் சாணை,
இடப்பக்கம் தகடு போல் தட்டை.

ரசீதின் பின்னால் கோடு போட்டுக் காட்டினாள்.
"வலக்கைக்குச் செய்தது.
உங்கள் கையில் வெளியே வெளியே போகும்.
முள்ளங்கி மேலே தடித்துக்
கீழே மெலிந்து விழுமே?"

விழும்.
முப்பத்தோரு வருடமாக விழுகிறது.
என் துண்டுகளைப் பலகையில் நிறுத்தி வைத்து
புயலில் மாட்டிய கப்பல்கள் என்பார் மாமியார்.
நொட்டாங்கைக்கு வேறு எப்படி வரும் என்று
எல்லாரையும்விடச் சத்தமாய்ச்
சிரித்தது நான்தான்.

பள்ளியில் பென்சிலை மாற்றினார்கள்.
வீட்டில் சாப்பாட்டுக் குச்சியை மாற்றினார்கள்.
கத்தியில் கை வைக்கத்தான்
யாருக்கும் தைரியமில்லை போல.

உள்ளே போய் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தாள்.
அதே கத்தி, கண்ணாடிக்குள் தெரிவது போல்.
சாணை இந்தப் பக்கம்.
விலை ஒன்றரை மடங்கு.
"பட்டறையில் இதற்காக
உட்காரும் பக்கத்தையே மாற்ற வேண்டுமாம்."
நாற்பத்திரண்டாயிரம் யென்.
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
கொஞ்ச நேரம் இல்லை, நிறைய நேரம்.

"வெங்காயம் நறுக்கும்போது
ஃபோன் வந்தால் எடுப்பீர்களா?"
எடுப்பேன்.
"அப்போது இது வேண்டாம். ஈரம் துடைக்க மறந்தால்
பேசி முடிப்பதற்குள் பழுப்பு ஏறும்."

விற்க வேண்டியதைத் தானே மூடி வைத்தவளை
அதற்குப் பிறகு நம்பினேன்.

துருப்பிடிக்காத எஃகு, பதினாறரை சென்டிமீட்டர்,
இரண்டு பக்கமும் ஒரே சாணை.
எந்தக் கட்சியும் இல்லாத கத்தி.
காற்றை வெட்டிப் பார்த்தேன்.
"எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்,
காற்றை யாரும் சமைப்பதில்லை" என்று
பலகையை நகர்த்தினாள்.
பிடியைப் பிடிக்காதீர்கள், கழுத்தைக் கிள்ளுங்கள்.
விரல் முட்டி பலகையில் இடிக்கிறதா?
இடிக்கவில்லை.
கனம் முன்னால் சாய்கிறதா, பின்னாலா?
தெரியவில்லை என்றேன்.
"தெரியாவிட்டால் சரியாக இருக்கிறது."

ஒன்பதாயிரத்து எண்ணூறு.
தாளில் சுற்றி, ரப்பர் போட்டு.

இரவு ஓடெனுக்கு முள்ளங்கி.
பழைய கத்தியை ஏன் மறைக்கிறேன் என்று தெரியாமலே
இழுப்பறையின் அடியில் மறைத்துவிட்டு
புதியதை எடுத்தேன்.
முதல் துண்டு விழுந்தது.

மேலே மெலிந்து
கீழே தடித்து.

இன்னொன்று. அதுவும்.
கத்தி நேராகத்தான் போகிறது,
மணிக்கட்டு உள்ளே தள்ளுகிறது.
இவ்வளவு காலம்
ஒரு கதவைத் தோளால் அழுத்திப் பிடித்திருந்தேன்,
அந்தப் பக்கம் ஆள் போய்விட்டது,
நான் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.

தெட்சுரோ கிண்ணத்தில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.
"கப்பல் திரும்பிவிட்டதா?" என்றார்.
பிறகு, "பல் எப்படி இருக்கிறது?"

தடித்த பக்கம் வேகவில்லை.
இன்னும் பத்து நிமிடம் என்று
அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தேன்,
இடக்கையால்.