பச்சை நாடா

ஐப்பசி மழை.
குஞ்சப்பனையில் மண் சரிந்து சாலை அடைத்துவிட்டது.
கோயம்புத்தூர் இன்ஜினியர் நாளைதான் வருவாராம்,
நேற்றும் நாளை என்றுதான் சொன்னார்.

அரவேணு தாண்டிய கூட்டுறவுத் தேயிலை ஆலை.
கணக்கறையில் நான்கு பேர்.
சர்வர் திரையில் ஒரே ஒரு கோடு மினுக்குகிறது,
எதையோ சொல்ல வந்து மறந்தவனைப் போல.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரின்
இலைக் கணக்கு அதற்குள் இருந்தது.
"இருந்தது" என்று முதலில் சொன்னது நான்தான்.
யாரும் திருத்தவில்லை.

பேரிடர்க் கையேடு என்று ஒன்று உண்டு.
தணிக்கைக்காக ஒரே பிற்பகலில் நான் எழுதியது.
பதினோரு படிகள்.
ஒன்றிலும் குளிர் கிடையாது.
ஒன்றிலும், இரவு ஒன்றரைக்கு
செயலாளர் நஞ்ச கவுடர் மழைக்கோட்டோடு வந்து
"எவன்டா பண்ணது?" என்று கேட்பது கிடையாது.

கேட்டார்.
அதன் பிறகு எல்லாருக்கும் ஏதோ வேலை இருந்தது.
லிங்கம்மா கீபோர்டைத் துடைத்தாள்.
போஜராஜ் ஒரே வயரை மூன்று முறை கழற்றி மாட்டினான்.
நான் தெரிந்த கட்டளைகளையே அடித்துக்கொண்டிருந்தேன்,
பூட்டிய கதவின் தாழ்ப்பாளை ஆட்டுவது போல.
ஃபெலிக்ஸ் மட்டும் உரக்கடைக் காலண்டரையே பார்த்தான்.
அதில் இன்னும் ஆவணி.

மூன்று பத்துக்கு நகல் டிஸ்கை எடுத்தேன்.
பச்சை நாடா ஒட்டியது. இருப்பது அது ஒன்றுதான்.
செருக ஒரு விரற்கடை தூரம்.

"அக்கா."

அவ்வளவுதான் சொன்னான்.

இலை வாட்டும் கூடத்துக்குக் கூட்டிப்போனேன்.
அங்கே விசிறிகளின் இரைச்சலில்
அழுதாலும் யாருக்கும் கேட்காது.
யார் என்று கேட்கவில்லை.
திரையில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன்.

பழைய டிஸ்கிலும் பச்சை நாடாதானாம்,
ஓடிக்கொண்டிருந்ததிலும் பச்சை நாடாதானாம்.
கடையில் சிவப்பு தீர்ந்த நாளில் ஒட்டியது.
பழையது என்று நினைத்து அழித்துவிட்டான்.
"ராத்திரி காப்பி எடுக்கிற வேலையை நிறுத்தலக்கா.
நீங்க செருகினா
காலியத்தான் அதுலயும் எழுதும்."

என் உள்ளங்கையில் அந்த டிஸ்க் வியர்த்திருந்தது.

நிறுத்தினோம். படிக்க மட்டும் என்று பூட்டிச் செருகினோம்.
வெள்ளிக்கிழமை வரை வந்தது.
மூன்று நாள் இல்லை.

விடிந்ததும் தோட்டக்காரர்கள் வந்தார்கள்,
சட்டைப் பையிலும் சேலை முடிச்சிலும்
ஈரமான எடைச் சீட்டுகளோடு.
நஞ்ச கவுடர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
ஒவ்வொன்றாக வாசித்தார்: நாற்பத்திரண்டு, பதினேழரை.
மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. வாசித்தார்.

ஃபெலிக்ஸ் கோணி மூட்டைகள் மேல் தூங்கிக்கொண்டிருந்தான்.
தூங்கி முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.
பணிப்பட்டியலில் அவன் பெயரை
அடுத்தடுத்து இரண்டு முறை எழுதியது என் கை.
அதைச் சீட்டுகளுக்கு நடுவே கவுடரிடம் சொன்னேன்.
அவர் எண்ணை விட்டுவிட்டு,
மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

கட்டபெட்டுக் கடைக்குச் சிவப்பு வந்திருக்கிறது.
நான்கு சுருள் வாங்கினேன்.