இருநூற்றுப் பத்து

அண்டி ஆபீசில் எனக்கு முப்பத்தோராவது வருஷம்.
பருப்பைத் தொட்டாலே ரகம் தெரியும்.
கையில்தான் தராசு.

போன ஆடியில்
மேஸ்திரி ஜெபசிங் இருநூற்றுப் பத்து கேட்டான்,
இருநூற்று நாற்பதைக் கட்டி அனுப்பினேன்.
மறுவாரமும் அப்படியே.
"எப்சிபாய்க்கு மறதி தொடங்கியாச்சு"
என்று யாரோ சொன்னதை
உதட்டில் படித்தேன்.

அன்று கருங்கலில் இறங்காமல்
திக்கணங்கோடுவரை போய்விட்டேன்.
ராத்திரி, ஆதியாகமம் தொட்டு
அறுபத்தாறு புஸ்தகத்தின் பேரையும்
வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன்.
ஒன்றும் தப்பவில்லை.
அதுவும் பயமாகத்தான் இருந்தது.

கணக்கு பார்க்கும் ஷெர்லின்
ஐம்பது தாண்டிய எல்லாரையும் வேனில் ஏற்றினாள்.
நாகர்கோவிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து
"சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்றார்கள்.
நெடுநேரம் மடியிலேயே கிடந்தது விரல்.

தோல் உரிக்கும் மெஷினின் கம்ப்ரஸர்
என் காதில் பாதியைத் தின்றிருக்கிறது.
"இப்படியே விட்டா மூளையும் சோம்பிப்போகும்" என்றார் டாக்டர்.
கேட்காததை எப்படி மறப்பேன்?

இப்போது கம்ப்ரஸர் சுவருக்கு அந்தப் பக்கம்.
மத்தியானத்துக்கு மேல்
கம்ப்யூட்டர் தராசு படிக்கிறேன், திட்டிக்கொண்டே.
காதுக் கருவி ஈயம்போல உறுத்துகிறது.
ஆனால் தட்டில் பருப்பு விழும் சத்தம்,
எளவு,
இத்தனை வருஷம் இங்கேயா இருந்தது?

ஜெபசிங் இன்னும் கத்துகிறான்.
"மெதுவா சொல்லும் வேய், கேக்குது."

நேற்று தராசின் ரகசிய எண்ணை மறந்தேன்.
ஷெர்லினும் மறந்திருந்தாள்.