கைமாற்று

ஏழு நாளைக்குக் கைமாற்றாகத் தந்தான் லூமிர்.
பிடிக்கு மேலே வெள்ளை ஸ்டிக்கர்:
சோதனைக்கு மட்டும்.
கடை நோட்டில் லிபுஷே என்று எழுதிக்கொண்டான்.
என் பெயருக்கு மேலே ஆறு பெயர்கள்.
ஆறு உள்ளங்கைகளின் வியர்வையை
ஏற்கெனவே குடித்த பிடி.

எங்கள் ஊருக்கு பீசெக் என்று பெயர்,
மணல் என்று அர்த்தம்.
ஆடுகளத்தில் கிடப்பதோ மணல் அல்ல,
அரைத்த செங்கல்.
காலுறையை மூன்று முறை அலசினாலும்
தண்ணீர் தேநீர் நிறத்தில்தான் ஓடும்.

முதல் நாள்
வேலிக்கு அப்பால் மூன்று பந்துகள்.
அதில் ஒன்று
ஆற்றங்கரைச் சைக்கிள் பாதையில்
யாரோ ஒருவரின் நாய்க்குப் பரிசானது.
பழைய மட்டை முந்நூற்று முப்பது கிராம்,
இது முந்நூறு.
முப்பது கிராம் என்பது
பாதிக் கோழிமுட்டை.
அந்த அரை முட்டையைக் காணாமல்
ஒவ்வொரு வீச்சிலும் என் தோள்
முன்னதாகவே போய்ச் சேர்ந்து காத்திருந்தது,
பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவள் போல.

எதிரில் திரஹோமிரா,
ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள், இடக்கைக்காரி.
ஆறு–ஒன்று, ஆறு–பூஜ்யம்.
"பாவம் பந்து" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

நான் பல்செட் செய்கிறவள்.
இருபத்தாறு வருடமாக
அடுத்தவர் வாயில் இல்லாமற்போனதை
மெழுகில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
பொருந்தவில்லை என்று திரும்பி வருகிறவர்களுக்கு
ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்:
கழற்றாமல் போட்டிருங்கள்.
நாக்கு போய்ப் போய்த் தடவிப் பார்க்கும்,
பார்க்கட்டும்.
ஒருநாள் தடவ மறந்துவிடும்.
அன்றைக்கு அது உங்கள் பல்.

இதை எத்தனை அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேன் என்று
மூன்றாம் நாள்
இரண்டாவது சர்வீஸும் வலையில் விழுந்தபோது தெரிந்தது.

நான்காம் நாள் மழை.
ஐந்தாம் நாளும்.
சமையலறையில் காற்றை அடித்துப் பழகினேன்,
மேசை விளக்கு மயிரிழையில் தப்பியது.
லூமிருக்குப் போன் செய்தேன்.
மழை நாளுக்குக் கணக்கில்லை என்றான்.
கொஞ்சம் யோசித்து,
மாதக் கடைசி வரை வைத்துக்கொள் என்றான்.
வியாபாரம் எப்படி என்று நான் கேட்கவில்லை.

பிடியில் ஒரு சுற்று நாடா கூடுதலாகச் சுற்றினேன்.
தலையில் ஈயப் பட்டை ஒட்டினேன்,
இரண்டு நாளில் பிய்த்தெறிந்தேன்.
தாமதமாக வீசிப் பார்த்தேன், இன்னும் தாமதமாக.
முழங்கையில் புதிதாக ஒரு வலி வந்து
பெயர் சொல்லாமலே போய்விட்டது.

எந்தச் செவ்வாய்க்கிழமை என்று நினைவில்லை.
திரஹோமிராவின் வெட்டுப் பந்து,
காலடியில் வந்து செத்து விழுமே, அது.
அதைத் தோண்டியெடுத்து
எதிர் மூலைக் கோட்டில் வைத்தேனாம்.
வலையருகே வந்து கேட்டாள்:
"பார்த்தாயா அதை?"
பார்க்கவில்லை.
மின்சாரக் கட்டணத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெடு முடிகிற அன்று பழையதையும் எடுத்துப் போனேன்,
ஒரே ஒரு ஆட்டம், விடைகொடுக்க.
பதினொரு வருடம்.
கட்டைவிரல் அழுத்தி அழுத்திக் குழிந்த இடம்.
அங்கே போய்ப் படுத்தது விரல்,
விருந்தாளி போல, போர்வையைக் கலைக்காமல்.
முதல் பந்து வலையின் அடியில்.
அடுத்ததும்.
அந்த அரை முட்டை இப்போது
மணிக்கட்டில் கல்லாகத் தொங்கியது.

சற்றே பயமாக இருந்தது.
இது இனி என்னுடையதில்லை,
அது இன்னும் லூமிருடையது.
ஐம்பத்து மூன்று வயதில்
செங்கல் பொடியின் நடுவே
எந்த மட்டைக்கும் சொந்தமில்லாத கையோடு நின்றேன்.

கடையில் அதே ரகத்தில் புத்தம் புதியதை
உறை பிரிக்காமல் நீட்டினான்.
வேண்டாம், இதையே கொடு என்றேன்.
"ஏழு பேர் அடித்தது" என்றான்.
"ஏழாவது நான்தான்" என்றேன்.
பாதி விலை.

வீட்டுக்கு வந்து நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினேன்.
'மட்டும்' உரிந்து வந்தது.
'சோதனைக்கு' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.