பகலில் நிறுத்தாதே

சாவியைக் கொடுக்கும்போது ஹால்வர்
ஒரே ஒரு விதி சொன்னான்:
பகலில் நிறுத்தாதே.

நானூற்றெட்டுப் பெட்டிகள்.
மேலே கறுப்பு வலை. வலையின் மேல் பட்டைகள்.
இறுக்கி இறுக்கிக் கன்றிப்போன என் உள்ளங்கைகள்.
வண்டி ஓடும்வரை தேனீ பெட்டிக்குள் இருக்கும்.
நின்றால் வெயில் எங்கே என்று பார்க்கக் கிளம்பிவிடும்.
என் சிறுநீர்ப்பைக்கும் அதே விதிதான்,
அதை ஹால்வர் சொல்லவில்லை.

ஜேம்ஸ்டவுனில் இரவு எட்டு மணி.
வடக்கு டகோடா முடிந்ததை ஒரு பலகை சொன்னது.
பலகை இல்லாவிட்டால்
மொன்டானாவுக்கே தெரிந்திருக்காது.

கிளெண்டைவில் டீசல்.
கல்லாவில் ஜுனெல் என்று பெயர்ப்பட்டை குத்திய பெண்
என்ன சுமை என்றாள்.
ஒரு கோடிப் பேர் என்றேன்.
காப்பிக்குக் காசு வாங்கவில்லை,
அல்லது மறந்துவிட்டாள்.

பியூட்டில் பனி விழுந்துகொண்டிருந்தது.
உறைகிற குளிரில் ஒன்றும் பறக்காது.
விதிக்குக் கிடைத்த ஒரே ஓட்டை அது.
பகல் முழுக்க இருக்கையின் பின்னால் சுருண்டு தூங்கினேன்.
முதுகுப்புறம், இரும்புத் தகட்டுக்கு அப்பால்,
அவை கதகதப்புக்காக நடுங்கிக்கொண்டிருந்தன.
காதால் கேட்க முடியாது,
பல்லால் கேட்கலாம்.

நடுநிசியில் கிளப்பினேன். இடாஹோவை நான் பார்க்கவே இல்லை.
வானொலியில் ஒருவர் உருளைக்கிழங்கு விலை வாசித்தார்,
பிறகு அதே குரலில் இரங்கல் செய்திகள்.

வின்னமுக்காவைத் தாண்டி, சரியாக உச்சிவேளை,
வைக்கோல் லாரி ஒன்று கவிழ்ந்து
நெவாடா மொத்தமும் நின்றது.

முதலில் ஒன்று வந்து கண்ணாடியில் நடந்தது.
பிறகு பத்து.
பிறகு காற்றின் நிறம் மாறியது.
பின்னால் நின்ற கார்களில் ஒவ்வொன்றாக
ஜன்னல்கள் ஏறின. ஒரு சிறுவன் மட்டும்
மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி,
வாயைப் பிளந்து.

ரோந்துக் காவலர் எச்செவெரியா நடந்து வந்தார்.
தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்,
துக்க வீட்டுக்கு வந்தவர்போல.
"எங்கள் குடும்பத்தில் ஆடுதான். இது தெரியாது.
நான் என்ன செய்யணும்?"
"என்னைப் போக விடணும்."
ஆரஞ்சுக் கூம்புகளைத் தன் கையாலேயே நகர்த்தி
சாலையோரத்தை எனக்கு மட்டும் திறந்துவிட்டார்.
கழுத்தில் ஒன்று கொட்டியது. அவர் தட்டவில்லை.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
வண்டி நின்ற இடத்தில்
வண்டி அளவுக்கு ஒரு சுழல்.
அதே நீளம், அதே உயரம்,
பெட்டி வாசல்கள் இருந்த அதே வரிசைகளில்
முட்டி முட்டித் திரும்பின.
எல்லாம் இருந்தது, வண்டி மட்டும் இல்லை.

ஓரினை விட்டு வந்த வருடம்
வேலை முடிந்தால் என் கை
பழைய தெருவுக்கே ஸ்டியரிங்கைத் திருப்பும்.
மூன்று தடவை அந்த வாசலில்
இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிக்க நின்றிருக்கிறேன்.
மஞ்சள் விளக்கு எரியும்.
யாரிடமும் சொன்னதில்லை.
எச்செவெரியாவிடம் சொல்லியிருக்கலாம்.

டிரக்கியில், கலிபோர்னியா எல்லைச் சாவடியில்,
ஒரு பெண் டார்ச் அடித்து
வெளியூர் எறும்பு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தேடினாள்.
"சுமை குறைந்திருக்கிறது" என்றேன்.
"எவ்வளவு?"
தெரியாது.
அவள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மொடெஸ்டோவில் இரவு.
இலை உதிரத் தொடங்கிய பாதாம் மரங்கள் கணக்குப்போட்டதுபோல் வரிசையாக.
பூக்கப் பிப்ரவரி ஆகும்.
எலியோடோரோ ஃபோர்க்லிஃப்டில்
பெட்டிகளை நான்கு நான்காக இறக்கினான்,
முட்டைக் கூடைபோல.

எல்லாம் முடிந்து ஏறி உட்கார்ந்தால்
உள்ளே, வேகமானியின் கண்ணாடிமேல், ஒன்று.
நெவாடாவிலிருந்தா, அதற்கும் முன்பிருந்தா,
எப்போது ஏறியதோ.
ஜன்னலை இறக்கினேன். போகவில்லை.
பூஜ்யத்தில் நின்றிருந்த முள்ளின்மேல்
மெல்ல நடந்துகொண்டிருந்தது.

எலியோடோரோ, இது எந்தப் பெட்டி
என்று கத்திக் கேட்டேன்.
இயந்திரச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.
கையை மட்டும் அசைத்தான்,
போய் வா என்பதுபோல.