அழுங்குப்பிடி

மாலை நான்கரைக்குக் கூண்டைத் திறக்கிறேன்.
கிண்ணத்தில் வைத்தால் தின்னாது இது.
புற்றைத் தானே தேட வேண்டும், தானே கிளற வேண்டும்.
ஆகையால் நடை. தினமும் ஐந்து மணி நேரம்
அதன் பின்னால் ஓர் ஆள்.
இந்த வாரம் நான்.

முச்சனேதா என்று பெயர் எனக்கு.
ஷோனா மொழியில், "களைத்துத்தான் போவீர்கள்."
வம்பு பேசிய அக்கம்பக்கத்துக்குப் பதிலாக
அம்மா வைத்தது.
அவர்கள் களைக்கவில்லை.
நான்தான் முள்ளும் செம்மண்ணுமாக
ஒரு வாலின் தடத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

பின்னங்கால்களில் எழுந்து
முன்னங்கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு,
கடன் கேட்க வந்தவர் வாசலில் தயங்குவதுபோல்
நிற்கிறது, மோக்கிறது, மறுபடி நடக்கிறது.
செதிலோடு செதில் உரசும் ஓசை:
காய்ந்த சோளத் தட்டைக்குள் காற்று.

பேசக் கூடாது. செல்போன் கூடாது.
நாய் குரைத்தால் உடனே தூக்கிக்கொள்ள வேண்டும்.
பெயர் வைக்கலாம், கூப்பிடக் கூடாது.

சென்ஸிரா முத்தாரே தடத்தில்
முப்பத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவர்.
ஒரு நாளும் தாமதமில்லையாம்.
இப்போது எறும்பு வைத்ததுதான் அவருக்கு நேரம்.
புலவாயோவிலிருந்து வருகிறாள் துபெலிஹ்லே.
வாரம் முழுக்கப் பல் பிடுங்கிவிட்டு
சனிக்கிழமை
பல்லே இல்லாத ஒன்றோடு நடக்கிறாள்.
சம்பளம் கிடையாது. கேட்டால்
"ஓய்வு" என்கிறாள், கணுக்காலில் உண்ணியைப் பிடுங்கியபடி.

நான் சம்பளத்துக்கு இருப்பவள்.

இது எங்களிடம் வந்தது சோளமாவுச் சாக்கில்.
அதற்கு முன் ஒரு காரின் டிக்கியில், ஆறு நாள்.
வழக்கு நடந்த அன்று நீதிமன்றத்துக்கு
நான்தான் எடுத்துப் போனேன்.
சான்றுப் பொருள் எண் ஒன்று.
மடியில் சுருண்டு கிடந்தது, வெந்நீர்ப் பை போல.
நீதிபதி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.
கூண்டில் நின்ற கரிகாய் பார்க்கவில்லை.

கரிகாய் என் அக்கா புருஷன்.

ஒன்பது வருடம்.

யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு.
அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ்.
கோழிக் குழம்பில் சட்ஸாவைத் தொட்டுக்கொண்டே
"ஒன்று எவ்வளவு எடை இருக்கும்?" என்று கேட்டார்.
வேலைக்குச் சேர்ந்த புதிது எனக்கு.
என் வேலையைப் பற்றி வீட்டில் யாரும்
ஒரு கேள்வி கேட்டதில்லை.
பெருமையாகச் சொன்னேன்.
எங்கே வளை தோண்டும், எந்த நேரம் வெளியே வரும்
எல்லாம் சொன்னேன்.
இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

பையன்களின் பள்ளிக் கட்டணம்
இப்போது என் சம்பளத்தில் பாதி.
உறையை அக்கா ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்கிறாள்.
கதவு திறப்பதில்லை.
"ஒரு பூச்சிதின்னிக்காக," என்றாள் ஒரே ஒரு முறை.
அதற்குப் பிறகு பதினாலு மாதம்.

இன்று ஏழு மணி வாக்கில்
பக்கத்துப் பண்ணையில் நாய்கள் குரைத்தன.
தூக்கினேன். சுருண்டது.
சுருண்டபோது என் இடது கை உள்ளே மாட்டிக்கொண்டது.

பிரிக்க முடியாது. சிங்கத்தாலும் முடியாது என்பார்கள்.
செதிலின் விளிம்பு மணிக்கட்டில் இறங்க
ஜூன் மாதத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
வாக்கி டாக்கியில் சென்ஸிராவின் குரல்:
"எங்கே இருக்கிறாய்? எங்கே இருக்கிறாய்?"
வலக்கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.

நாய்கள் ஓய்ந்தன. அது விடவில்லை.
அதன் வயிறு மட்டும் வெதுவெதுப்பு.
அந்த இதயம் என் விரல்களில் தட்டியது.
அவ்வளவு வேகமாக
எங்கே போகிறது?

ஒரு மணி நேரம் இருக்கும்.
முதலில் வால் தளர்ந்தது. பிறகு மூக்கு வந்தது.
என் முழங்காலில் இறங்கி
ஒன்றுமே நடக்காததுபோல்
இரண்டடி தள்ளி ஒரு புற்றைக் கிளறியது.

திரும்பி வந்து தராசில் வைத்தேன்.
துபெலிஹ்லே மணிக்கட்டைத் துடைத்துக் கட்டினாள்.
"எவ்வளவு?" என்று உள்ளேயிருந்து கேட்டார் சென்ஸிரா.

நோட்டில் எழுதியிருக்கிறேன், என்றேன்.
வந்து பாருங்கள்.