நீங்க இங்க புதுசா?

கடைசியாக விற்றது அந்த நீள்வட்ட மேசையை.
பன்னிரண்டு நாற்காலியோடு சேர்த்து
யுரேகா துறைமுகப் பக்கமிருந்து வந்து
டிரக்கில் ஏற்றிப் போனார்கள்,
நண்டு பிடிப்பவர்கள் சங்கத்துக்காம்.
ஆறு வருடம் அந்த மேசையைச் சுற்றி
பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம்.
ஒரு பிள்ளையும் அதில் உட்கார்ந்ததில்லை.

மறுசீரமைப்பு என்று
கடிதத்தில் எழுதித் தந்தார் கணக்காளர் ஓர்வில்.
எங்களிடம் வரும் பிள்ளைகள் கையில் அகப்பட்டால்
அந்தச் சொல்லை அசை அசையாகத்
தட்டித் தட்டி உடைத்துவிடுவார்கள்.
நானும் உடைத்துப் பார்த்தேன்.
உள்ளே இருந்தது
லுசிந்தாவின் சம்பளம்.

பயிற்சிப் பட்டறைகள் நிறுத்தியாயிற்று.
ஆர்க்கேட்டாவில் ரொட்டிக்கடை மாடியில் இருந்த கிளைக்குச்
சாவி கொடுத்தாயிற்று.
காலாண்டு அறிக்கைகளை
எவரும் கேட்கவில்லை, இனி வராது என்றபோதும்.

லுசிந்தா அழவில்லை.
ஹெட்ஃபோன் வயரைச் சுருட்டி ரப்பர் போட்டாள்.
"இனிமே போனை யார் எடுப்பா?"
நான், என்றேன்.
பதினொரு வருடத்தில் முதல் தடவையாக
என் முகத்துக்கு நேரே சிரித்தாள்.
நல்ல சிரிப்பில்லை அது.

செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணி.
கண்ணாடிக்கு வெளியே விரிகுடாவின் பனிமூட்டம்.
வெய்லன், ஒன்பது வயது,
அப்பாவின் அறுப்பாலையிலிருந்து நேரே வந்தவன்,
சட்டைக் காலரில் மரத்தூள்.
என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
"நீங்க இங்க புதுசா?"

வாசல் பலகையில் இருப்பது என் பெயர்.
டோரத்தி பிராண்வோல்ட், கற்றல் சிகிச்சையாளர்.
தங்க எழுத்து. இருபத்திரண்டு வருடம்.
அவனுக்கு அதை வாசிக்க வராது.
அதற்காகத்தான் வந்திருக்கிறான்.

"ஆமா," என்றேன். "புதுசு."

அப்படியானால் தெரிந்துகொள் என்பதுபோல்
எழுத்துக் கட்டைகள் எந்த இழுப்பறையில்,
எந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை,
ஹீட்டர் போட்டதும் முனகும்,
பயப்படக் கூடாது,
எல்லாம் சொல்லித் தந்துவிட்டு
புத்தகத்தை அவனே திறந்தான்.

நாய் ஓடியது என்று இருந்த இடத்தில்
சதுப்பு ஓடியது என்றான்.
ஓர் எழுத்துதான். வயிறு
இடப்பக்கம் இருந்தால் நாய், வலப்பக்கம் போனால் சதுப்பு.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
பனி நகர நகர
சதுப்பு நிலம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிள்ளை தடுமாறினால் ஐந்து நொடி பொறுங்கள் என்று
நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குத்
திரையில் படம் போட்டுக் காட்டியவள் நான்.
இரண்டாவது நொடியில் வாயைத் திறந்துவிட்டேன்.
அவன் உள்ளங்கையைக் காட்டினான்,
தெரு கடக்கும் குழந்தைகளுக்காக
வண்டியை நிறுத்துபவர் மாதிரி.
நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்து அறையில் போன் அடித்தது.
லுசிந்தா என்றால் மூன்றாவது மணியில் எடுத்திருப்பாள்.
யாரோ ஒரு தாயாக இருக்கும்.
வீட்டு உரிமையாளராகவும் இருக்கும்,
இந்த மாதம் எட்டுப் பேர் வர வேண்டும் வாடகை கட்ட,
வருவது ஐந்து.

"போன் அடிக்குது,"
வரியிலிருந்து விரலை எடுக்காமல் சொன்னான்.

"அடிக்கட்டும்."

விரல் மறுபடி
வரியின் தலைக்குப் போனது.
மெல்ல வந்தது. அந்த எழுத்தின் மேல் நின்றது.
ஏழாவது மணி. எட்டாவது.

"நாய்," என்றான்,
ஏதோ நான்தான் தப்பாக வாசித்த மாதிரி.